மன்றாட்டுச் சீட்டு

இந்த ஞாயிறு பிள்ளைகள் முறை என்றார் சாமியார்.
வாசகம், மன்றாட்டு, காணிக்கைப் பவனி
எல்லாம் அவர்களே.
"நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம்,
அவர்களே எழுதட்டும்."
பங்குப் பேரவைச் செயலாளன் நான்.
பிழை திருத்தும் வேலை எனக்கு.

சனி ராத்திரி
புதுவயல் மில்லுகள் ஊதி ஓய்ந்த பிறகு
பதினொரு சீட்டுகளை மேசையில் பரப்பினேன்.
கோடு போட்ட தாள் சிலது,
நோட்டின் நடுப்பக்கம் சிலது,
ஒன்று ரேஷன் பில்லின் முதுகு.

ஆரோக்கிய நிஷாந்துக்குக்
காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு வேண்டும், தினமும்.
மரிய ஜெரோமின் செத்துப்போன பூனை
மோட்சத்தில் யாரிடம் பால் கேட்கும்?
மன்றாட்டே இல்லை அது.
இரட்டைப் பிள்ளைகள் ஒரே சீட்டில்:
"ஷார்ஜாவில் அப்பா ரூமில் மூட்டைப்பூச்சி.
அதைக் கொன்றருளும்."
கொன்றருளும்!
எங்கிருந்து பிடித்தார்கள் இந்த மொழியை.

சிவப்பு மைப் பேனா.
பத்தொன்பது வருடம் மூட்டைக் கணக்கில்
தப்பை அடித்த அதே கை.
பூனையை அடித்தேன்.
பஸ்ஸை, பயணம் செய்வோர் அனைவருக்காகவும்.
மூட்டைப்பூச்சியை, அயல்நாட்டில் துன்புறுவோருக்காகவும்.

கடைசியாக ரேஷன் பில்.
மூன்றாம் வகுப்பு பெலிசியா, சகாயமேரி மகள்.
"மில்லு பாயிலர் வெடிக்கக் கூடாது.
எங்கம்மா அது பக்கத்துல நிக்கிறாங்க.
ராத்திரி அது விசில் அடிச்சா
எங்க வீட்டுச் சட்டி ஆடுது."

பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
கோயில் மைக் செட் முதலாளி வாங்கித் தந்தது.
ஒலிபெருக்கியின் பக்கவாட்டில் அவர் பெயர்.
"தொழிலாளர் அனைவருக்காகவும்" என்று எழுதி
மடித்து வைத்தேன்.
தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

ஆறரைப் பூசை.
பீடச் சிறுவர்களின் வெள்ளை அங்கியில்
வழக்கம்போல் உமிச் சாம்பல்.
தட்டினால் கோடாகும்.
வாசகம் படித்த பையன்
"கொலோசையர்" முன்னால் மூன்று தரம் நின்று
நாலாவது தரம் தாண்டிக் குதித்தான்.
யாரோ சிரித்தார்கள்.
அவன் அம்மாதான்.

பிறகு என் சீட்டுகள்.
பாடம் ஒப்பிக்கிற குரலில் அவர்கள்,
கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் நடுவில் நாங்கள்:
ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

முக்காலி மேல் ஏறினாள் பெலிசியா.
தாளைப் பார்த்தாள்.
என் எழுத்து கணக்குப்பிள்ளை எழுத்து.
தலைகீழாய்த் திருப்பிப் பார்த்தாள்.
மடித்துக் கவுன் பையில் வைத்துக்கொண்டு
தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.
முழுசாக.
சட்டி ஆடுவது வரைக்கும்.
முதலாளியின் ஒலிபெருக்கி
அதைத் தெருமுனை வரை கொண்டுபோய் இறக்கியது.

பதில் இல்லை.
மின்விசிறி மட்டும்.
பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில்
சகாயமேரி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.
சாமியார் என்னைப் பார்க்கவில்லை.
அது அவர் தயவு.

பிள்ளை கூட்டத்தைப் பார்த்தாள்.
"சொல்லுங்க" என்றாள், மைக்கில்.

சொன்னோம்.
இதற்கு முன் சொன்னது போல் இல்லை.
நான் பிடித்திருந்த பெஞ்சுக் கட்டை அதிர்ந்தது.
பாயிலர் பரிசோதனைச் சான்றிதழ்
மார்ச்சோடு காலாவதி.
அந்தக் கோப்பு என் அலமாரியில் இரண்டாம் தட்டில்
நீல நாடா கட்டிக் கிடக்கிறது.
ஆண்டவருக்குத் தெரியும்.
ஆண்டவருக்கு மட்டுமா?
கேட்டருளும் என்று நான் யாரைச் சொன்னேன்?

வாசலில் சட்டையை இழுத்தான் மரிய ஜெரோம்.
"அங்கிள், என் பூனைய ஏன் வாசிக்கல?"
"அடுத்த வாரம்."
"எழுதுன மாதிரியேவா?"
"எழுதுன மாதிரியே."
நம்பாத முகத்தோடு பிஸ்கட் வரிசைக்கு ஓடினான்.

திங்கட்கிழமை காலை
முதலாளி வருவதற்கு முன்
அலமாரியைத் திறந்தேன்.
நீல நாடாவின் முடிச்சு இறுகிக் கிடந்தது.
நகத்துக்குப் பிடிபடவில்லை.
பல்லால் அவிழ்த்தேன்.